வெறும் தண்ணீர் கேட்ட பிரெஞ்சுக்காரர்

புரட்டாசி 12, திங்கள்

காலையிலேயே வானம் மூடாக்கு. வாய்க்காலில் முறைத்தண்ணீர், புதன் வரைதான். நடவுப் பெண்களைக் கூட்டிவரும் செல்லம்மாக்காவிடம் நாளை நடவுக்கு ஆள் சொல்லியாயிற்று. சீயக்காய் தீர்ந்துவிட்டது.

மதியம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். ஃபேஷன் போட்டோ எடுப்பவர். காரைக்காலில் பிரெஞ்சு படித்தவள் வலங்கைமானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை, நடவுக்கு முன்னால், வெறும் தண்ணீர் மட்டும் நிற்கும் நம் வயலில் ஒரு படம் வேண்டுமாம்.

ஆல்பம் காட்டினார். சின்ன ஊரில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவராம். இப்போது பாரிசில் பெரிய பத்திரிகைகளுக்கு இவர்தான். எல்லாம் ஒரே தினுசு. விலையுயர்ந்த உடுப்பில் ஒருத்தி, சுற்றிலும் ஒன்றுமில்லை. வெறும் மணல், வெறும் பனி. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஒரு கடற்கரைப் படத்துக்காக மீனவர்களின் படகுகளை இழுத்துப்போகச் சொன்னாராம். அதையும் பெருமையாகச் சொன்னார்.

மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் முதலாளியிடம் படும் பாட்டைச் சொன்னேன். பிரான்சுக்கு வரவழைக்கக் கடிதம் தருகிறேன் என்றார். வயலில் எடுக்கச் சம்மதித்தேன்.

செவ்வாய்

காலையில் வரவேண்டியவர்கள் மத்தியானம் வந்தார்கள். அதற்குள் வடகிழக்கு மூலையில் முதல் நாற்றை நட்டுக் கும்பிட்டு, கால் வயல் முடிந்திருந்தது. படத்துக்கு நிற்க அழைத்துவந்த பம்பாய்ப் பெண் வெள்ளைப் பட்டில், வெயிலில், பாவம். அவர் கேமராவில் பார்த்து முகம் சுளித்தார். பச்சை தெரிகிறதாம். நட்டதைப் பிடுங்கச் சொல்லு, பிறகு மறுபடி நட்டுக்கொள்ளட்டும் என்றார். உதவியாளனிடம், அந்த நடவுப் பெண்களும் கண்ணில் படக்கூடாது என்று வேறு.

கும்பிட்டு நட்டதை எவனாவது பிடுங்குவானா?

செல்லம்மாக்கா நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" அவ்வளவுதான் கேட்டார்.

முடியாது என்றேன், பிரெஞ்சில். பணம் என்றார். முடியாது. கடிதத்தை ஞாபகப்படுத்தினார், சிரித்துக்கொண்டே. அதற்கும் முடியாது. உங்கள் ஊரில் போய்த் திராட்சைக்கொடியைப் பிடுங்கிவிட்டுப் படம் எடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். கார் கிளம்பிப் போய்விட்டது. என்ன திமிர்!

புதன்

நடவு முடிந்தது. சீயக்காய் வாங்கினேன். சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்கு வீட்டுக்காரர் போன். எல்லாம் சொன்னேன். ஒரே கத்தல்.

"ரெண்டு கட்டு நாத்துதானடி. பிடுங்கிப் போட்டா என்ன குறைஞ்சுடும்?"

பூத்தில் நாலு பேர் வேடிக்கை. எனக்கு வெட்கமும் போயிற்று.

"அப்ப நீங்களே வந்து பிடுங்குங்க. செல்லம்மாக்கா மூஞ்சியப் பாத்து நீங்களே சொல்லுங்க."

அங்கே யாரோ அவரை அதட்டிக் கூப்பிடும் சத்தம். தோ வரேன் என்று பயந்த குரலில் அவர். உங்கள் மேல் கோபமில்லை என்று நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.