ஓலை வாசித்த மூன்று ஞாயிறு

1934 ஆகஸ்டு 2, வியாழன்

இன்று லாடம் அடிக்க மாடு குறைவு. கையைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். மாதா கோயில் உபதேசியார் எழுத்துச் சொல்லிக்கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. சுத்தியல் பிடித்த கிழட்டுக் கைக்குப் பென்சில் அகப்படவே மாட்டேன் என்கிறது. இருந்தாலும் இதை எழுதியே தீரவேண்டும்.

ஆராயி சம்மதித்துவிட்டாள்! ராசிபுரம் சந்தையில் நெய் விற்கிறாளே, அவள்தான். புருஷன் போய் அவளும் தனி. பெண்டாட்டி போய் நானும் தனி.

ஆனால் ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் பேரை ஓலை வாசிப்பார்கள்; யாருக்காவது தடை உண்டா என்று ஊரறியக் கேட்பார்கள். "இந்த வயசுல கண்ணாலமான்னு ஒருத்தரு சிரிச்சாலும் நான் வரமாட்டேனுங்க" என்றாள்.

யார் சிரிக்கப்போகிறார்கள்? எல்லோரும்தான்!

ஆகஸ்டு 5, ஞாயிறு

முதல் ஓலை. பயத்தில் முழங்காலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒன்றும் காதில் விழவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை என்று உபதேசியார் சொன்னார்.

ஆகஸ்டு 8

வலது லாடத்தை இடது குளம்பில் வைத்துவிட்டேன். மாட்டுக்காரர் திட்டினார். அதுவும் இனித்தது.

ஆகஸ்டு 12, ஞாயிறு

கெட்டது காரியம். இன்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாமியார் வாசித்தார்: "தீர்த்தகிரி என்கிற சூசைக்கும் ஆராயி என்கிற மரியம்மாளுக்கும்..." இத்தனை பேர் முன்னால் என் பேர்! ஊர்க்கூட்டத்தில் பேர் சொன்னால் எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கும்பிடுவதுதானே வழக்கம்? எழுந்தேன். கும்பிட்டேன்.

அப்போதுதான் சாமியார், "தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம்" என்று முடித்திருந்தார்.

"என்னப்பா சூசை, உன் கல்யாணத்துக்கு நீயே தடையா?"

கோயிலே சிரித்தது. ஆராயி முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அட கூறுகெட்டவனே — உக்காந்திருந்தா என்னடா?

ஆகஸ்டு 16

சந்தைக்குப் போனேன். ஆராயி நெய்ப்பானைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணாவது ஓலைய நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நீங்களே எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. அதான் நல்லா வருதுங்களே!"

கோபமா, கேலியா? வழியெல்லாம் யோசித்தேன். சாமியாரிடம் போகவில்லை.

ஆகஸ்டு 19, ஞாயிறு

மூன்றாம் ஓலை. பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நான் அசையவில்லை. பெண்கள் பக்கம் சலசலப்பு. திரும்பினால் — ஆராயி எழுந்து நிற்கிறாள்! போச்சு.

"என்னம்மா தடை?"

"தடையெல்லாம் இல்லீங்க சாமி. போன வாரம் அவரு ஒண்டியா நின்னாருங்க. பாக்க நல்லாவேயில்ல. அதான் நானும் நின்னேனுங்க."

முதலில் சிரித்தவள் அவள்தான். நானும் எழுந்து நின்றேன். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 6

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். காலையில் ஆராயி ஆக்கிய களியும் கீரையும். கீரையில் உப்புக் கரித்தது. தண்ணீர் மொண்டுவர எழுந்தேன்.

"ஏனுங்க, தடையா?" என்றாள் ஆராயி.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.