இரண்டு கூட்டியவளுக்கு

மார்ச் 9

அடி வாயாடி,

உன் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். எழுந்து வந்தே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன், பியூன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் தபாலில். இடது கை எழுத்து, கோணலாக இருக்கும், பொறுமையாகப் படி.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போய்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து என் வலது கை நசுங்கியபோது, "இனிமே வரவேற்புல உக்காந்து போன் எடுங்கம்மா" என்றார்கள். மறுவாழ்வு மையத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நின்றேன். அங்கே பயிற்சி தந்த அம்மா ஒரு ராட்சசி. சொட்டுச் சொட்டாக மருந்து விடும் கண்ணாடிக் குழாயை இடது கையால் திருகச் சொல்வாள். ஒரு சொட்டு அதிகமானாலும், "கொட்டிட்டு மறுபடி பண்ணு. ஊரே குடிக்கிற தண்ணி" என்பாள். அழுதுகொண்டே கற்றேன்.

நம் ஆய்வகத்தில் ஒரே தண்ணீரை இருவர் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் அறிக்கை. என் மூன்று மாதச் சோதனைக் காலத்துக்கும் அதுதான் அளவுகோல். உன் எண்ணோடு என் எண் ஒத்துப்போனால் வேலை. இல்லையென்றால் மருத்துவ ஓய்வு, வீடு.

எல்லாமே ஒத்துப்போயின. அதுதான் உறுத்தியது. என் கை நன்றாக இருந்த காலத்திலேயே நம் எண்கள் அவ்வப்போது முட்டிக்கொள்ளும்.

நேற்று சந்தைத் தெரு ஆழ்குழாய்த் தண்ணீர் வந்ததல்லவா? பாத்திரமெல்லாம் வெள்ளை படியும் தண்ணீர். அதன் கடினத்தன்மை அறுநூறுக்குக் கீழே இறங்கி நாம் பார்த்ததே இல்லை. நான் வேண்டுமென்றே நாற்பது என்று சீட்டில் எழுதி, எப்போதும்போல் மடித்து, பெட்டியில் போட உன்னிடம் தந்தேன். உன் சீட்டில் நாற்பத்திரண்டு.

நம்பும்படி இருக்கட்டும் என்று என் எண்ணோடு இரண்டு கூட்டினாயா? அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பயப்படாதே. அறிக்கை வெளியே போகும் முன் மறுபடி சோதித்துத் திருத்திவிட்டேன். எத்தனை நாளாக இந்தக் கூத்து?

உன் முசுடு

மார்ச் 12

என் முசுடே,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன்.

முதல் வாரத்திலிருந்தே. அன்று உன் கை நடுங்கியது. நம் எண்களுக்கு நடுவே ஏகப்பட்ட வித்தியாசம். மறுவாழ்வு அதிகாரி சும்மாவே, "எதுக்குங்க ரிஸ்க்கு?" என்று புலம்பும் ஆள். உன்னை அனுப்பிவிட அவருக்கு அந்த ஒரு சீட்டு போதும். நீ இல்லாத ஆய்வகத்தில் நான் யாரோடு சண்டை போடுவேன், சொல்லு? அப்புறம் சோதிக்கவே பயமாகிவிட்டது. சோதித்தால் உன் எண் தப்பு என்று தெரிந்துவிடுமே.

கிருமிச் சோதனைகளை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அவ்வளவு கெட்டவள் இல்லை நான்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அதிகாரி கையெழுத்துப் போட்டால் உன் மேசை உனக்கு. வாயை மூடிக்கொண்டு வா, தாயே. அப்புறம் ஆசை தீரத் திட்டு.

உன் வாயாடி

மார்ச் 14

வாயாடிக்கு,

கெட்டவள் இல்லையாம். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

தப்பு என்று அன்றே சொல்லியிருந்தால் ராட்சசியிடம் ஓடிப்போய்த் திருத்திக்கொண்டு வந்திருப்பேன். இப்போது என் கை தேறியதா இல்லையா என்று எனக்கே தெரியாது. தினமும் வீட்டில், "இன்னைக்கும் ஒத்துப்போச்சு" என்று பீற்றிக்கொண்டேன். "கலக்குறம்மா" என்று மகள் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பாவம் என்று பார்த்தாய். என்னிடம் கேட்டாயா?

கூட்டத்தில் சொல்லிவிடுவேன். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொல்லப்போகிறேன்.

ஏப்ரல் 28

வாயாடிக்கு,

உன்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றிய பிறகு நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன.

நான் சொன்னதும் அதிகாரி, "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்களேம்மா" என்றார். மறுபரிசோதனை வைத்தார்கள். உன் இடத்தில் வேறு ஆய்வகத்திலிருந்து ஒரு பெண், சிரிக்கத் தெரியாதவள். இருபது தண்ணீர் கொடுத்தார்கள். சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, "மூணு தப்பு" என்றாள், என் முகத்துக்கு நேரே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பதறிப்போய், "பரவால்லக்கா, பதினேழு சரிதானே" என்றாள்.

"அதை விடும்மா. எது எது தப்புன்னு காட்டு" என்றேன்.

சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். கடைசியில் வேலை போனாலும் போகலாம். அந்த மூன்று தப்புகளையும் வீட்டில் மகளிடம் சொன்னேன். குழாயை நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று காட்டச் சொன்னாள்.

மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதச் சொல்கிறாய். எழுதினால் நீ செய்ததைத்தான் நானும் செய்தவளாவேன். உள்ளே பார்த்தேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. இருப்பதை எழுதியிருக்கிறேன்.

முசுடு