மூன்று வாரத்தில் விளைந்த சோளம்

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நெப்ராஸ்கா ஊர்விழாவில், "ஆளில்லாத புல்வெளியில் முதல் ஏர் பூட்டியவர் எங்கள் பாட்டனார் எல்ட்ரெட்" என்று பேசப்போகிறீர்கள்.

குடும்ப பைபிளின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது வேறு. 1868 ஜூலை 25 வந்து சேர்ந்தோம். ஆகஸ்ட் 15 சோளம் பறித்தோம், பிள்ளைகள் வயிறாரத் தின்றார்கள்.

ஆர்லோ சித்தப்பாவிடம் காட்டினேன். "நல்ல மண்ணுடி அது!" என்று சிரித்தார்.

"மூணு வாரத்துலயா? நீங்க விதைச்சா மூணு மாசம் ஆகுதே?"

"வாய மூடுடி. உங்கப்பன் மேடையேறணும்ல?"

நாற்பது வருடம் சோளம் போட்டவர் நீங்கள். அந்த வரியின் கீழே உங்கள் பென்சில் கோடு இருக்கிறது.

அந்தச் சோளத்தை விதைத்தவர்கள் அந்த மண்ணிலேயே வாழ்ந்த பானி என்ற செவ்விந்தியப் பழங்குடிகள்; அப்போது கோடை வேட்டைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து அவர்கள் பிள்ளைகள் எதைத் தின்றார்கள்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்காவிட்டால், முன்வரிசையிலிருந்து நான் கேட்பேன்.

உங்கள் மகள்