எட்டடி ஆழத்துப் பக்கம்

கோயமுத்தூர்
30-5-1997, வெள்ளிக்கிழமை

அன்புள்ள டீனாவுக்கு,

ஐம்பது வயதில் எதற்கம்மா நீச்சல், யாருக்குக் காட்டப் போகிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நான்கு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எதையாவது எழுதி அனுப்ப மனம் வரவில்லை, ஆகவே அதை அப்படியே விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் சுகம் என்பதை உன் எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், உடம்புக்கு முடியாதபோது உன் வரிகள் வலது பக்கம் சரிந்து இறங்கும், இந்த முறை நேராக இருந்தன. பரோடாவில் வெயில் தாங்க முடியவில்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. லேபில் நின்றால் நீ தண்ணீர் குடிக்கவே மறந்துவிடுவாய், பாட்டிலைக் கண்ணெதிரே வைத்துக்கொள்.

இங்கே பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், காலை நேரம் வீட்டில்தான் இருக்கிறார். அதனால் என்னை ஸ்கூட்டரில் குளத்துக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலையாகிவிட்டது. பெண்கள் நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். என் பிறந்தநாள், ஜூன் ஒன்று, இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பூசையில் என் பெயரை வாசித்து வாழ்த்துச் சொல்ல வேண்டுமென்று பங்குச் சாமியாரிடம் எனக்குத் தெரியாமல் சொல்லி வைத்திருக்கிறார். அந்தத் தேதியே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் போட்டது, எங்கள் வகுப்பில் பதினோரு பேர் அதே ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள், இதற்குப் போய் ஒரு வாழ்த்தா என்று கேட்டேன். "நாட்டுக்கும் உனக்கும் ஒரே வருசம் பொன்விழா, மிட்டாயை ஒண்ணா வாங்கிடலாம்னு பாக்குறேன்" என்கிறார். கேக் வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். பார்க்கலாம்.

நீச்சல் விஷயத்தை முழுதாக உனக்கு எழுதவே இல்லை. சிங்காநல்லூரில் ஒரு மில் குடியிருப்புக்குள் பழைய நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது, முன்பு ஆபீசர்களுக்கு மட்டும். இந்த மே மாதம் ஒரு மாதம் மட்டும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை பெண்களுக்குக் கற்றுத் தருகிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். மாணவிகளுக்காக ஒட்டியது, அவர்களில் ஒருத்தியும் சேரவில்லை, நான் சேர்ந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, வால்பாறை எஸ்டேட்டில் ஆற்றில் விழுந்து புரண்டு வளர்ந்த மனுஷன் வீட்டிலேயே இருக்கும்போது காலையில் எழுந்து வெளியே போக வேண்டுமா என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். அவரிடம் கற்றுக்கொண்டால் முப்பது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார் என்பதால் மறுத்துவிட்டேன்.

மொத்தம் எட்டுப் பேர். அதில் உம்மல் குல்சும் என்று ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், ஒண்டிப்புதூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்ன உடுத்திக்கொண்டு தண்ணீரில் இறங்குவது என்று எல்லாரும் தயங்கி நின்ற முதல் நாளே அளவெடுத்து, மறுநாள் எட்டுப் பேருக்கும் முழுக்கை வைத்த நைலான் சட்டையும் பேண்ட்டும் தைத்துக் கொண்டுவந்துவிட்டாள், எல்லாம் ஒரே கருநீலம், வரிசையாக நின்றால் ஏதோ மில் யூனிபாரம் மாதிரி இருக்கிறது. கற்றுத் தருகிறவள் ராசம்மாள், ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர், முப்பது வயதுகூட இராது, நல்ல பெண். முதல் வாரம் முழுக்க எனக்கு மூச்சுப் பிடிப்பதே வரவில்லை. வீட்டில் பாத்ரூம் வாளியில் முகத்தை முக்கி மூச்சு விட்டுப் பழகினேன், அந்தக் குளுகுளு சத்தத்தைக் கேட்டு அப்பா கதவைத் தட்டி, உள்ளே யாருக்கு என்ன என்று விசாரித்தார். இருபத்தாறு வருஷமாக மிதத்தல் விதியைப் பாடம் நடத்துகிறவள் கல் மாதிரி அடியில் போய் நின்றால் எப்படி இருக்கும். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் விசைப் படம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ராசம்மாளிடம் அதைச் சொன்னதற்கு, "ஏனுங்க டீச்சர், நீங்க படிச்சிருக்கீங்க, தண்ணி படிக்கலீங்களே" என்றாள்.

அவள் ஒருநாள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள், எங்க தோட்டத்துக் கெணத்துல மூணு வயசுலயே எங்கப்பா என்னையத் தூக்கி உட்டுப்போட்டாருங்க, அழுதுட்டே நீந்துனனுங்க என்று சிரித்தாள். பிறகு என்னிடம், "பல்லடம் பக்கம்னா கெணத்துக்குப் பஞ்சமே இல்லீங்களே டீச்சர், உங்கூர்ல கெணறு இல்லீங்களா?" என்று கேட்டாள். இருந்தது என்று மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கென்ன. உன் தாத்தா மாசாணம் அந்தக் கிணற்றில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். கோடையில் வற்றிய பிறகு தூர் வார இறங்குவார், சேற்றைக் கூடை கூடையாக ஏற்றிக் கொடுப்பார். மழை பெய்து கிணறு நிறைந்துவிட்டால் எங்கள் ஆட்கள் யாரும் படியில்கூடக் கால் வைக்கக் கூடாது. தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் குதிப்பதை மேட்டில் நின்று பார்ப்போம், தண்ணீர் எங்கள் மேல் தெறித்தால் அதற்கும் எங்களைத்தான் திட்டுவார்கள். இதையெல்லாம் ராசம்மாளிடம் சொல்லி அந்தப் பெண்ணின் முகத்தைச் சுருங்க வைக்க எனக்கு விருப்பமில்லை, அவள் அப்போது பிறக்கக்கூட இல்லை.

உன் மாமா காளிச்சாமி போன ஞாயிறு வந்திருந்தான், இரண்டு தட்டு முட்டை கொண்டுவந்தான். இப்போது ஆறு விசைத்தறி ஓடுகிறதாம், ராத்திரியும் பகலும் சத்தத்தில் இருந்து காது மந்தமாகி எல்லாரிடமும் கத்திப் பேசுகிறான். "ஏனக்கா, இத்தன வயசுக்கு மேல தண்ணில கெடந்து என்ன மீனா புடிக்கப்போறே" என்றான். அந்தக் கிணறு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதய மூடி நாலு வருசமாச்சு, மேல கோழிப்பண்ண போட்டுட்டாங்க, இந்த முட்டையே அங்க வாங்குனதுதா" என்றான். எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. இரண்டு முட்டையை வேகவைத்து அவனுக்கே கொடுத்தேன்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன். ஊரில் பிள்ளைகளுக்கு முதுகில் காய்ந்து உள்ளே கூடான சுரைப்புருடையைக் கட்டித்தான் கிணற்றில் விடுவார்களாம், ராசம்மாள் அதற்குப் பதில் ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை மூடி இறுக்கிக் கட்டிவிடுகிறாள், அவரவர் கேனை அவரவர் கொண்டுவர வேண்டும். கேன் இருந்தால் குளத்தின் அகலத்தை நான் கடந்துவிடுவேன். புதன்கிழமை பத்துத் தடவை கடந்தேன், இவ்வளவு சுகமாக ஒருநாளும் நீந்தியதில்லை. கரையேறும்போதுதான் முதுகு கீழே இழுத்தது. கழற்றிப் பார்த்தால் கேன் நிறையத் தண்ணீர். முந்தின நாள் அதைக் கழுவிக் காயவைத்தவள் உள்மூடியைப் போட மறந்து வெளிமூடியை மட்டும் திருகிக் கொண்டுபோயிருக்கிறேன். குல்சும் விழுந்து விழுந்து சிரித்தாள், "தண்ணிக்குள்ள தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டுப் போன மொத ஆளு நீங்கதான்க்கா" என்றாள். நான் வீட்டுக்கு வந்து அதே கேனை அதே மூடியோடு தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன், நான்கு நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. நிறைந்த கேன் என்னைத் தூக்கவும் செய்யாது, அமுக்கவும் செய்யாது. அப்படியென்றால் புதன்கிழமை பெரும்பாலான நேரம் என்னைத் தூக்கிப் பிடித்தது எதுவும் இல்லை. "அப்ப உனக்கு நீச்சல் வந்துருச்சு, விடு" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்று கேன் இல்லாமல் இறங்கினேன், மூன்று வீச்சு, உடனே கை போய் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இன்றும் அதேதான். முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து முடியவில்லை, இதற்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை.

நாளை சனிக்கிழமை கடைசி நாள். ஆழமில்லாத பக்கத்திலிருந்து எட்டடி ஆழத்துப் பக்கம் வரை இருபத்தைந்து மீட்டர், கம்பியைத் தொடாமல் போக வேண்டும், தாண்டியவர்கள் பெயரை ராசம்மாள் நோட்டில் எழுதுவாள், அவ்வளவுதான், பரிசும் கிடையாது சர்ட்டிபிகேட்டும் கிடையாது. ஆனால் திங்கள்கிழமை குளத்தைக் காலி செய்துவிடுவார்கள். மில்லில் பாதி ஆட்களுக்கு வேலை இல்லை, அடுத்த வருஷம் குளத்தில் தண்ணீர் நிரப்புவார்களா என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. எம்.எஸ்ஸி. சீட்டுக்காகக் காத்திருந்த வாரத்துக்குப் பிறகு நான் ஒன்றை இவ்வளவு வெளிப்படையாக ஆசைப்பட்டதாக நினைவில்லை, இதை அப்பாவிடம் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். இன்று கிளம்பும்போது ராசம்மாள், "நாளைக்குக் கேனக் கொண்டாந்துருங்க டீச்சர், நானே தண்ணி ரொப்பிக் கட்டிப்போடறேன், முதுகுல ஒண்ணு இருக்குதுன்னு இருந்தாப் போதுமுங்க உங்களுக்கு" என்றாள். தண்ணீர் நிறைந்த கேனை உதவி என்று சொல்ல முடியாது, கணக்குப்படி அதில் தப்பு இல்லை. ஆனாலும் கூச்சமாக இருக்கிறது. கேனைக் கழுவி வைத்திருக்கிறேன், இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா, கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டே காலம் தள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் கூட்டமாக இருந்தாலும் காத்திருந்து அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசு, போன் வரும் என்று மத்தியானத்திலிருந்தே அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்கிறவள் அல்ல என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் கண்ணு. அப்பாவின் ஜெபமும் என் ஆசியும் சேர்ந்து உனக்கு.

உன் அம்மா,
பொற்கொடி

31-5-1997, சனிக்கிழமை

கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கேனைக் கொண்டுபோனேன். ராசம்மாள் குழாயில் நிரப்பிக் கட்டினாள். கரையில் நடக்கும்போது ஐந்து கிலோவும் முதுகை இழுத்தது, தண்ணீரில் இறங்கியதும் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று. எனக்கு முன்னால் ஏழு பேர் போனார்கள், ஐந்து பேர் தாண்டினார்கள், குல்சும் கண்ணை மூடிக்கொண்டே தாண்டிவிட்டாள். கடைசியாக நான். பாதிக்கு மேல் நன்றாகவே போனேன். அங்கே தரை சரிந்து இறங்குகிறது, அதைப் பார்த்துவிட்டேன். கை கம்பியைப் பிடித்துவிட்டது. மிச்ச தூரத்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

ராசம்மாள் நோட்டோடு ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரு நொடிதானுங்களே டீச்சர், தாண்டுனதா எழுதிப்போடட்டுங்களா, யாருங்க கேக்கப்போறாங்க" என்று மெதுவாகக் கேட்டாள். தொட்டேன், தொட்டதாகவே எழுதுங்கள் என்றேன். எழுதினாள். கேனைக் கழற்றி மேலே எடுத்துக்கொண்டாள். குல்சும் கேசரி செய்து கொண்டுவந்திருந்தாள், எல்லாரும் ஆழமில்லாத பக்கத்துப் படியில் கூடிவிட்டார்கள், ராசம்மாளும் அங்கே போய்விட்டாள்.

நான் எட்டடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இரும்பு ஏணி இருந்தது, ஏறி நடந்து போயிருக்கலாம். ஏறவில்லை. சுவரைக் காலால் உதைத்துப் புறப்பட்டேன். முதலில் வந்ததே ஆழம்தான், கீழே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, பச்சையாக இருந்தது. இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். கை வீச்சை எண்ணிக்கொண்டு வந்தேன், முப்பத்து நான்கு வரை எண்ணியது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு விட்டுப்போயிற்று. கால் தரையில் பட்டது, எழுந்து நின்றேன், தண்ணீர் இடுப்பளவு. அதுவரை என் கை எதையும் தொடவில்லை.

ஒரே ஒரு தடவை செய்த சோதனை, சாட்சியும் இல்லை. நோட்டில் தொட்டதாகத்தான் இருக்கிறது, அதைத் திருத்தச் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்திருந்த குல்சும் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி, "நீங்க ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள கேசரி காலிக்கா, வழிச்சுத்தான் திங்கணும்" என்றாள். வாங்கி, தண்ணீரில் நின்றபடியே வழித்துத் தின்றேன்.