நெயில் பாலிஷும் நேராகப் போன கிருமியும்

இன்று பாண்டி பஜாரில் ஒரு பெண் கடைவாசலில் நின்று நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அது உன் வாசனை.

ஊரெல்லாம் நகத்துக்கு வாங்குவதை நீ நம் ஆய்வகத்து மைக்ராஸ்கோப் கண்ணாடிக்கு வாங்குவாய். ஒரு சொட்டுச் சளி, அதற்குள் நீந்தும் பாக்டீரியா, மேலே மெல்லிய கண்ணாடி மூடி. ஓரத்தைப் பாலிஷ் தடவி அடைத்தால்தான் சொட்டு காயாமல் இருக்கும். "ஊட்டம்மாவுக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டபோது, "கண்ணாலமே ஆவலண்ணா, செவப்பே குடு" என்றாய். விரலெல்லாம் சிவப்போடு அடையாறு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன்னோடு நின்ற எனக்குத்தான் கூச்சம்.

ஒரு நாள் பாலிஷ் தீர்ந்துவிட்டது. பொறுமை உனக்கு ஏது? ஓரத்தை அடைக்காமலே பார்த்தாய். தண்ணீரில் தடுமாறித் திரும்பித் திரும்பி நீந்துகிற கிருமி, சளியில் நேராகப் போனது. "கெட்டியா இருந்தா தடுமாறாம போவுது மச்சி, பாரேன்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

மறுநாள் கூட்டத்தில் நம் தலைமை ஆய்வாளர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "ஃபேன் காத்துல சொட்டு காயுது. ஓரத்துப் பக்கமா சளிதான் ஓடுது, கிருமி தானா ஓடல" என்றார். நீ நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டாய். அந்த வாரமே உனக்கு மாரடைப்பு. தப்பாகப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்போடே போய்விட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று கடைக்குக் கூட வந்த மனைவி கேட்கக் கேட்க, சிவப்புப் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்ட, புதிதாக ஒரு சொட்டு வைத்து ஓரத்தை அடைத்தேன். சளி ஓடினால் அதில் கிடக்கும் தூசியும் சேர்ந்து ஓட வேண்டும். தூசி அசையவில்லை. கிருமிகள் அதன் நடுவே ஆளுக்கொரு பக்கமாக, நேராகப் போயின. நீ சொன்னது சரிடா.

"கிருமி வால சுத்திதான் நீந்துது. வால் நின்னா அதுவும் அங்கியே நின்னுடும் மச்சி, வழுக்கிகினுகூட போவாது" என்பாய். நீயும் அப்படித்தான் நின்றுவிட்டாய். எனக்கோ அன்று முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

"மச்சி, பாரேன்" என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் கையை நீட்டிவிட்டேன். உலுக்கத் தோள் இல்லை. விரல் நுனிச் சிவப்போடுதான் வீட்டுக்குப் போகிறேன். இதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை.