தபால் முத்திரை விழுந்த கையெழுத்து

பிள்ளைப்பாக்கம்
4.5.2005

அன்பு மகன் கார்முகிலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கை நிலாவும் உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் இல்லை. புனே வெயிலுக்கு மோர் குடி. வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல நிலாதான் எழுதுகிறாள், இந்தத் தடவை அவளைப் பற்றியே.

போன வெள்ளிக்கிழமை வரலாற்றுப் பரீட்சையில் இவள் பெஞ்சுக்குக் கீழே ஒரு பிட் கிடந்ததாம், இவளுடையதுதான் என்று பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர், ஹாலுக்கு ஒரே சார், பாதிப் பிள்ளைகள் கைடையே கிழித்து வைத்து எழுதியிருக்கிறார்கள், அகப்பட்டது நம் வீட்டுப் பெண். இவளுடையது இல்லை என்று நிரூபிக்காவிட்டால் இரண்டு வருடம் பரீட்சையே எழுத முடியாதாம். கம்பெனி கேன்டீனில் லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன். இரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிற சாரைக் கூப்பிட்டு இவள் எப்படிப்பட்ட பெண் என்று கேட்டால், அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது நம்ம கிளாஸா என்கிறார். எனக்கு வந்ததே கோபம். (அம்மா இங்கே சொன்ன வார்த்தையை நான் எழுதவில்லை - நிலா.) பிரின்சிபாலோ, இன்னாம்மா பண்றது, ஒரே கிளாஸ்ல நூத்தியிருபத்தாறு பேரு, மூஞ்சியெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிக்கினு இருப்பான் என்றார். நான் விடவில்லை. சார், நான் ஒரு ஷிப்டுக்கு நானூறு பேருக்குச் சோறு போடறேன், எவனுக்கு ரசம் ஆவாது, எவன் ரெண்டு அப்பளம் எடுப்பான்னு எனக்குத் தெரியும், உங்களுக்கு மூஞ்சி தெரியல, தரையில கெடந்த காயிதம் யாருதுன்னு மட்டும் எப்டித் தெரிஞ்சிது என்று கேட்டேன். அந்த சார் ஃபேனைப் பார்த்தார். சரி, பிட்டில் இருப்பது இவள் கையெழுத்தா என்றாவது பாருங்கள் என்றேன். பரீட்சைத் தாளில் மாற்றி எழுதியிருக்கலாம், நோட்டை நேற்றுகூட எழுதியிருக்கலாம் என்று பிரின்சிபாலிடம் அதற்கும் ஒரு பதில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் எனக்காக உனக்கு எழுதிய இன்லண்ட் கடிதம் ஒவ்வொன்றிலும் தேதியோடு தபால் முத்திரை இருக்குமே! விசாரணை பதினாறாம் தேதி. இது கிடைத்த அன்றே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஸ்பீட் போஸ்டில் அனுப்பு.

நைட் ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. நோய்நொடி அண்டாமல் நல்லா இரு. கடிதங்களை மறந்துவிடாதே.

உன் அம்மா
செல்லம்மாள்

அண்ணா, இனி நான். அம்மா கேன்டீனுக்குக் கிளம்பிவிட்டாள். அந்த பிட் சத்தியமாக என்னுடையது இல்லை. ஆனால் பொங்கலுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்ததே, நிலாவுக்கு வாட்ச் வாங்கி அனுப்பு என்று அம்மா கெஞ்சியிருந்தாளே, அது முழுக்க என் சொந்தச் சரக்கு. நீயாக ஆசைப்பட்டு அனுப்பினாய் என்று அம்மா கேன்டீன் முழுக்கப் பெருமை பேசுகிறாள். அந்தக் கடிதத்தை மட்டும் ஒளித்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் யாரும் அவசரப்படுத்தாமல் நான் நிதானமாக எழுதியது அது ஒன்றுதான், என் கையெழுத்து அதில்தான் தெளிவாக இருக்கும். அதையும் அனுப்பு. பிரின்சிபால் அதை அம்மா முன்னால் சத்தமாகப் படிக்காமல் இருந்தால் போதும்.