கொதித்த அண்டா

மானாம்பதி
ஜூன் 1979

அன்புள்ள மாமாவுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மாங்காயை வெந்நீரில் முக்கி அடுக்கினால் அழுகாது என்று சொல்லிவிட்டு, தோப்புக்காரன் தாண்டவராயனே தண்ணீரைக் கொதிக்கவிட்டான். காயெல்லாம் வெந்து குழைந்ததும் பழியை என்மேல் போட்டு, என் வலக்கையை அண்டாவுக்குள் அழுத்திப் பிடித்தான். நீங்கள் ஓடிவந்து மண்வெட்டிக் காம்பால் அவன் தோளை உடைத்தீர்கள்.

முந்தாநாள் தோளில் கட்டோடு நம் குடிசைக்கு வந்தான். "நானேதான் வழுக்கி அண்டாவுல கைய வுட்டுட்டேன்னு கோர்ட்டுல சொல்லு. உன் புருசன் மேல குடுத்த கேஸை வாபஸ் வாங்கிக்கறேன், அவன் ஜெயில்லேர்ந்து வூட்டுக்கு வந்துருவான்" என்றான்.

உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும், "நீதான்யா புடிச்சி அழுத்தினே. அதான் சொல்லுவேன்" என்றேன். அன்றே அவன் ஆட்கள் குடிசையைக் கொளுத்தினார்கள். பிள்ளையோடு அம்முலு அக்கா வீட்டில் இருக்கிறேன்.

இன்று என் கை வெந்த வழக்கில், கோர்ட்டில் அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் வர நாளாகும். என்னைத் திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி